கைத்தொழிலைக் கைபேசியில் காட்டுவது எப்படி?



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை நேரம். திருப்பலி முடிந்து எல்லாரும் கலைந்த பின்னும் ஒரு சகோதரி மட்டும் அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தார். கோவில்பதாகையில் வீட்டிலேயே ப்ளவுஸும் சுடிதாரும் தைத்துக் கொடுப்பவர். கணவருக்கு அம்பத்தூர் பக்கம் இருந்த ஒப்பந்த வேலை போய்விட்டது. இனி தையலை நம்பித்தான் வீடு நடக்க வேண்டும். "எல்லாரும் ஆன்லைன்ல போடு, ஆர்டர் கொட்டும்னு சொன்னாங்க ஃபாதர். மூணு மாசமா தினமும் போடுறேன். ஒருத்தர்கூட போன் பண்ணல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றையும் சொன்னார். இன்ஸ்டாகிராமில் பத்தாயிரம் பேரைப் பின்தொடர வைத்துத் தருகிறோம் என்று ஒருவர் போனில் பேசியிருக்கிறார். கம்மலை அடகு வைத்து ஆறாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். பத்தாயிரம் பேர் வந்தார்கள். அதில் ஆவடிக்காரர் ஒருவர்கூட இல்லை. பெயர்களை வாசிக்கவே முடியவில்லை. "நான் என்ன தப்பு பண்ணேன் ஃபாதர்?" என்று கேட்டார்.

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. குருமடத்தில் இறையியல் கற்றுத் தந்தார்கள், ரீல்ஸ் கற்றுத் தரவில்லை. நானே ஒருமுறை 42 நிமிட மறையுரையை முழுதாக யூடியூபில் ஏற்றி, பதினோரு பேர் பார்த்ததைக் கண்டு நொந்துபோனவன். அந்தப் பதினோரு பேரில் ஒருவர் என் அக்கா. ஆனால் அந்தச் சகோதரியின் கேள்வி என்னை விடவில்லை. நம் பங்கில் தின்பண்டம் செய்து விற்பவர்கள், டியூஷன் எடுப்பவர்கள், ஏசி பழுது பார்ப்பவர்கள் எனப் பலருக்கும் இதே கேள்வி இருக்கிறது என்பதால், இளையோர் இயக்கத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பிள்ளைகள் எனக்கு முதலில் போட்டுக் காட்டியது வில்லேஜ் குக்கிங் சேனல். உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த ஒரே குடும்பத்து இளைஞர்கள் சிலரும் அவர்களுடைய தாத்தா பெரியதம்பியும் சேர்ந்து 2018-இல் தொடங்கியது. விவசாயக் குடும்பம். தாத்தா முன்பு சமையல் வேலைக்குப் போனவர். 2021 ஜூலையில் அவர்களுடைய சந்தாதாரர் எண்ணிக்கை 1 கோடியைத் தொட்டது. தமிழில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் யூடியூப் சேனல் அதுதான். அந்தச் சமயத்தில் முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். 2022-இல் வந்த 'விக்ரம்' திரைப்படத்தில் சமையல்காரர்களாகவே தலைகாட்டினார்கள். இப்போது எண்ணிக்கை 2 கோடியையும் தாண்டிவிட்டது.

எண்ணிக்கையைப் பார்த்து மலைத்துப்போவதில் பயனில்லை. அவர்கள் என்ன காட்டுகிறார்கள் என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பாருங்கள். வயல்வெளி, விறகடுப்பு, பெரிய அண்டா. ஒவ்வொரு பொருளையும் கையில் தூக்கிப் பிடித்து, அதன் பெயரை உரக்கச் சொல்லிப் போடுகிறார்கள். அம்மியில் அரைக்கும் ஓசை கேட்கிறது, எண்ணெயில் வெங்காயம் விழும் ஓசை கேட்கிறது. பின்னணியில் சினிமாப் பாட்டு அலறுவதில்லை. கடைசியில் அந்த உணவு யாருக்குப் போகிறது என்பதையும் காட்டுகிறார்கள். முதியோர் இல்லத்துப் பெரியவர்களும் ஆதரவற்ற பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அரசியலை விட்டுவிடுவோம். நான் கவனித்தது வேறு. இவ்வளவு பெரிய விருந்தாளி வந்தபோதும் அவர்கள் தங்கள் பாணியை மாற்றவில்லை. அன்றைய சமையல் காளான் பிரியாணி. விருந்தாளியும் தயிர்ப் பச்சடி கலக்கும்போது "வெங்காயம், தயிர், கல் உப்பு" என்று அவர்களைப் போலவே தமிழில் பெயர் சொல்லித்தான் போட்டார்.

அந்தப் பெரியவருக்குச் சமைக்கத் தெரியும். இதுதான் அடிப்படை. கேமரா வருவதற்கு முன்பே அந்தக் கை தொழில் கற்றிருந்தது. பேரன்கள் அதன் முன்னால் கேமராவை வைத்தார்கள், அவ்வளவுதான். இவர்களைப் பார்த்துவிட்டு வயலில் அண்டா வைத்துச் சமைக்கும் சேனல்கள் எத்தனையோ வந்தன. அண்டாவை நகலெடுக்க முடிந்தது, கையை நகலெடுக்க முடியவில்லை.

இப்போது நம் சகோதரியின் பக்கத்துக்கு வருவோம். அவருடைய அனுமதியோடு பிள்ளைகளும் நானும் மூன்று மாதப் பதிவுகளைப் பார்த்தோம். காலையில் ரோஜாப் பூவோடு 'இனிய காலை வணக்கம்'. பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்து. நடுநடுவே யாரோ ஒரு நடிகை அணிந்த ப்ளவுஸின் படம், வேறொரு பக்கத்திலிருந்து எடுத்தது. கீழே 'இதுபோல் தைத்துத் தரப்படும், விலைக்குத் தனிச்செய்தி அனுப்பவும்' என்ற வரி. அவர் தைத்த ஒரு துணிகூட இல்லை. அவருடைய கை இல்லை, மிஷின் இல்லை, கோவில்பதாகை என்ற ஊர்ப்பெயரும் இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்க்கும் ஒருவருக்கு அவர் நன்றாகத் தைப்பாரா என்பது எப்படித் தெரியும்?

அவர் நன்றாகத் தைப்பார் என்பது எனக்குத் தெரியும். அவருடைய மாமனார் ஆவடி ஓ.சி.எஃப். உடுப்புத் தொழிற்சாலையில் ராணுவச் சீருடை தைத்து ஓய்வு பெற்றவர். இன்றும் கையால் காஜா போடுவார். ஒரு காஜாவுக்கும் அடுத்ததற்கும் நூலளவு வித்தியாசம் இருக்காது. மருமகளுக்கு வெட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். இப்படி ஒரு சொத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க, இவர் ரோஜாப் பூவைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவரிடம் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, "வருகிறவர்கள் அதிகமாக என்ன குறை சொல்வார்கள்?" என்பது. யோசிக்கவே இல்லை, மடமடவென்று சொன்னார். கை தூக்கினால் அக்குளில் பிடிக்கிறது, தோள் இறங்குகிறது, இரண்டு தடவை துவைத்ததும் லைனிங் சுருங்கி வெளித்துணி தொங்குகிறது, உடம்பு போட்டதும் பிரித்து விடலாம் என்று பார்த்தால் உள்ளே துணியே விடவில்லை. அடுத்த கேள்வி, "நீங்கள் அதற்கு என்ன செய்வீர்கள்?" லைனிங் துணியை முதல் நாளே நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டுவாராம். கைக்குழியை இப்படி வளைப்பாராம். இரு பக்கமும் இவ்வளவு துணி உள்ளே விடுவாராம். பேசப் பேச அவருடைய முகமே மாறிவிட்டது. ஒரு பிள்ளை சொன்னான்: "ஆன்ட்டி, இதுவே இருபது வீடியோ."

அதற்கு அவர் ஒரு தடை சொன்னார். பலரும் இதைச் சொல்வார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். "எல்லாத்தையும் சொல்லிக்கொடுத்துட்டா அவங்களே தெச்சுக்க மாட்டாங்களா?" மாட்டார்கள். பிரியாணி செய்யும் வீடியோவைப் பார்த்துவிட்டுப் பிரியாணிக் கடைக்குப் போகாமல் இருந்தவர் உண்டா? லைனிங்கை ஏன் நனைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்ட பெண், அடுத்த முறை துணி கொடுக்கும்போது 'இவர் நனைப்பவர்' என்று நினைத்துக்கொள்வார். இருபது ரூபாய் அதிகம் கேட்டாலும் காரணம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

பணம் கொடுத்து வாங்கிய அந்தப் பத்தாயிரம் பேர் அவருக்கு என்ன தீங்கு செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பணம் போனது மட்டுமல்ல. நாம் ஒன்றைப் பதிவிட்டால் இந்த ஊடகங்கள் அதை எல்லாருக்கும் ஒரேயடியாகக் காட்டிவிடுவதில்லை. சிலருக்குக் காட்டிப் பார்க்கின்றன. அவர்கள் நின்று பார்க்கிறார்களா, முழுதும் பார்க்கிறார்களா, பிறருக்கு அனுப்புகிறார்களா என்று கணக்கெடுத்து, அதைப் பொறுத்தே மேலும் பலருக்குக் கொண்டுபோகின்றன. உயிரில்லாத கணக்குகளைப் பின்தொடர்வோராக நிரப்பிவிட்டால், அவை எதையும் நின்று பார்ப்பதில்லை. 'பின்தொடர்பவர்களே பார்க்கவில்லை, மற்றவர்களுக்கு எதற்கு?' என்று இயந்திரம் முடிவு கட்டும். நல்ல பதிவு போட்டாலும் புதைந்துபோகும். அந்தச் சகோதரி பழைய கணக்கை மூடிவிட்டுச் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அவருக்கு ஒரு கோடிப் பேர் வேண்டாம். கோவில்பதாகை, வெள்ளனூர், ஆவடி, பட்டாபிராம் பக்கம் ஒரு முப்பது நாற்பது குடும்பம் நிரந்தரமாக வந்தால் அவருக்கும் மிஷினுக்கும் ஓய்வே இருக்காது. யூடியூபில் விளம்பர வருமானம் வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், அல்லது குறுங்காணொளிகளுக்கு 90 நாளில் ஒரு கோடிப் பார்வைகள். அது வேறு தொழில், அதற்கு வேறு உழைப்பு. நம்மில் பெரும்பாலோருக்கு ஊடகம் என்பது கடையின் பெயர்ப்பலகை மாதிரி. பலகையே சம்பாதித்துத் தர வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஆகவே முதலில் ஊர்ப்பெயரைப் போடச் சொன்னோம். கூகுள் வரைபடத்தில் கடையைச் சேர்ப்பதற்குக் காசில்லை; வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, சேவை செய்யும் பகுதியை மட்டும் காட்டவும் வழியிருக்கிறது. பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அடுத்து வாட்ஸ்அப் பிசினஸ். 2018-இல் நம் நாட்டுக்கு வந்தது. அதுவும் இலவசம். தைத்த துணிகளின் படம், விலை எல்லாவற்றையும் அதில் ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். விலையைச் சொல்லத் தயங்காதீர்கள். 'விலைக்குத் தனிச்செய்தி அனுப்பவும்' என்று எழுதினால் பத்தில் எட்டுப் பேர் அப்படியே நகர்ந்துவிடுவார்கள் என்பது என் எண்ணம். நானாக இருந்தால் நகர்ந்துவிடுவேன்.

வாடிக்கையாளர் எண்களை ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதிவையுங்கள் என்று நான் வற்புறுத்திச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். டிக்டாக்கை மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை சொல்லி, அதே மாதத்திலேயே தடையை விலக்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு மற்றச் சீனச் செயலிகளோடு அதையும் தடை செய்தது. லட்சக்கணக்கில் பின்தொடர்வோரை வைத்திருந்தவர்கள்கூட ஒரே இரவில் வெறுங்கையாக நின்றார்கள். அதே ஆண்டில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கே வந்தன; பலர் அங்கே போய்த் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். ஊடகத்தில் நாம் கட்டும் வீடு வாடகை மனையில் கட்டிய வீடு. மனைக்காரர் எப்போது காலி செய்யச் சொல்வார் என்பது நமக்குத் தெரியாது.

படம் எடுக்கும் முறை பற்றிப் பிள்ளைகள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செல்போன் கண்ணாடியை முதலில் துடையுங்கள். சமையலறையிலிருந்து வரும் கையில் எண்ணெய் இருக்கும். காலை வெயில் ஜன்னல் வழியாக வரும் நேரத்தில், ஜன்னல் உங்களுக்கு முன்னால் இருக்கும்படி உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். 'எல்லாருக்கும் வணக்கம், நான் இன்னைக்கு என்ன சொல்லப்போறேன்னா' என்று தொடங்கினால் அதற்குள் பார்ப்பவரின் விரல் அடுத்ததற்குத் தள்ளிவிடும். சுருங்கிப்போன லைனிங்கைத் தூக்கிக் காட்டி, 'இது ஏன் இப்படி ஆச்சு தெரியுமா?' என்று தொடங்குங்கள். முக்கியமான வார்த்தைகளைத் திரையில் தமிழில் எழுதுங்கள். ஆவடி லோக்கலில் நின்றுகொண்டே சத்தமில்லாமல் பார்ப்பவர்கள்தான் அதிகம். ஒரு வீடியோவில் ஒரே விஷயம். என்னுடைய 42 நிமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் போட வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு, ஆனால் விடாமல். ஞாயிற்றுக்கிழமை ஓரிரு மணி நேரம் உட்கார்ந்து நான்கைந்து எடுத்து வைத்துக்கொண்டால் மற்ற நாட்களில் தொழிலைப் பார்க்கலாம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுப்பவர்களை நான் பார்க்கிறேன். அந்த நேரத்தில் ஒரு கை தைத்துவிடலாம்.

உண்மை பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல விரும்புகிறேன், பங்குத் தந்தை என்பதற்காக மட்டுமல்ல. அந்த நடிகையின் ப்ளவுஸைப் பார்த்து ஒருவர் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதே வேலைப்பாடு வரவில்லை என்றால் அவர் போய்ப் பத்துப் பேரிடம் சொல்வார். நம் ஊர்ப் பக்கத்தில் இன்றும் பெரிய ஊடகம் தண்ணீர் லாரி வரும் இடம்தான். சட்டமும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் புகழ்ந்து பேசினால், அது விளம்பரம் என்று பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரியும்படி சொல்ல வேண்டும் என்று 2023-இல் மத்திய நுகர்வோர் துறை வழிகாட்டியும் வெளியிட்டிருக்கிறது. முறுக்கு, அதிரசம், மசாலாப் பொடி விற்கும் சகோதரிகள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். அதே எண்ணை வீடியோவிலும் காட்டிவிடுங்கள். ஆயிரம் 'தரமானது, சுத்தமானது' என்ற சொற்களைவிட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

தையல்காரரிடம் இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. அவருடைய அளவு நோட்டில் எத்தனையோ பெண்களின் பெயரும் உடலளவும் இருக்கின்றன. முதல் வீடியோவில் வெட்டும் மேஜையின் ஓரத்தில் அந்த நோட்டு திறந்தபடி கிடந்தது. நல்லவேளை, ஏற்றுவதற்கு முன் ஒரு பெண்பிள்ளை கவனித்துவிட்டாள். வாடிக்கையாளர் துணியைப் போட்டுப் பார்க்கும் படம் வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள், முகம் வேண்டாம் என்றால் துணி மட்டும் போதும். டியூஷன் எடுப்பவர்கள் பிள்ளைகளின் முகத்தையும் மதிப்பெண்ணையும் பெற்றோரைக் கேட்காமல் போடவே கூடாது. குறைந்த மதிப்பெண் எடுத்த பிள்ளையைக் காட்டி 'இவனையே தேற்றினேன்' என்று போடுகிறார்கள். அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பான்?

வத்திக்கானின் தகவல் தொடர்புத் துறை 2023 மே மாதத்தில் சமூக ஊடகங்கள் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டது. நல்ல சமாரியர் உவமையை வைத்தே அது பேசுகிறது. வழியில் கிடப்பவரைக் கடந்து போகிறோமா, நின்று பார்க்கிறோமா என்பதே அதன் கேள்வி. நான் அதை வாசித்தபோது எனக்கு வியாபாரம் நினைவுக்கு வரவில்லை. இப்போது வருகிறது. கை தூக்கினால் அக்குளில் பிடிக்கிறதே என்று வருந்தும் ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு நிமிட வீடியோ எடுப்பதற்கும், பத்தாயிரம் முகமற்றவர்களை விலைக்கு வாங்குவதற்கும் எவ்வளவு தூரம்!

அந்தச் சகோதரியின் கம்மல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. புதுக் கணக்கில் இன்று இருநூற்றுச் சொச்சம் பேர்தான். ஆனால் பெயர்களை வாசிக்க முடிகிறது. பாதிப்பேர் ஆவடிச் சுற்றுவட்டாரம். அதிகம் பேர் பார்த்தது மாமனார் காஜா போடும் வீடியோ. பேச்சே இல்லை. ஊசியும் நூலும் அந்தப் பெரியவரின் விரல்களும் மட்டும், நாற்பது விநாடி. அதைப் பார்த்துவிட்டு வெள்ளனூரிலிருந்து ஒரு அம்மா, இறந்துபோன தன் கணவரின் பழைய சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். பேரனுக்கு அளவாகத் திருத்தித் தர வேண்டுமாம், அந்தக் காஜாவை மாற்றாமல். கூடவே நான்கு ப்ளவுஸ் துணியும் கொடுத்துவிட்டுப் போனாராம்.

பெரியவருக்குத்தான் திருப்தி இல்லை. போன வாரம் திருப்பலி முடிந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "மூணாவது காஜாவுல வெளிச்சம் சரியில்ல ஃபாதர், முடிச்சு தெரியல. பசங்களை ஒருநாள் காலையில வரச்சொல்லுங்க, திரும்பப் போட்டுக் காட்டுறேன்" என்றார்.